மாலை போட நேரம் பார்க்காதீர்கள்

கிங்காங், தாராசிங் குஸ்தி என்றால் செராஸ் பெரியவர்கள் பலருக்கு இன்றும் முகம் மலரும். முடிவைப் பேசி வைத்து ஆடும் தொழில்முறை மல்யுத்தத்தில் விருதுக்குரியவரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்காவில் நடிகரும் மல்யுத்த வீரருமான மைக் மசுர்க்கி 1965-இல் 'காலிஃபிளவர் ஆலி கிளப்' சங்கத்தைத் தொடங்கினார். அடிபட்டுத் தடித்துப்போன காதுதான் அந்தப் பெயருக்குக் காரணம். பழைய வீரர்கள் கூடும் அதன் ஒன்றுகூடலில் விருதுகள் வழங்கப்படுகின்றன.

இத்தொழிலில் வெற்றிக் கணக்கு மட்டும் போதாது. எதிராளிக்குக் காயம் வராமல் ஆடியவர் யார்? இளையோருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? தான் தோற்று மற்றவரை நாயகனாக்கியவர் யார்? உடன் மோதியவர்களுக்குத்தான் அது தெரியும். கிங்காங் இல்லாமல் தாராசிங்கிற்கு அத்தனை கைத்தட்டல் கிடைத்திருக்குமா?

காலமும் முக்கியம். தாராசிங் 2012-இல் மறைந்தார். டபிள்யூ.டபிள்யூ.இ. தன் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் தந்தது 2018-இல்தான்.

நம் சங்கங்களும் விருதுப் பட்டியல் எழுதும்போது, நன்கொடையாளர்களோடு நாற்காலி அடுக்கியவரையும் நினைக்கட்டும். அவர் மேடையேறி வரும் தெம்போடு இருக்கும்போதே அழைத்துவிடுங்கள்.