விமானத்தின் மூளையை வடிவமைப்போரும் கேள்வி கேட்கும் பிள்ளைகளும்

விமானம் என்னும் சொல் எம்மவர் உள்ளத்தில் இருவகை உணர்வுகளை எழுப்புவது. தலைக்கு மேல் இரைச்சல் கேட்டவுடன் பதுங்குகுழியை நாடி ஓடிய காலத்தின் அச்சம் ஒன்று. கையில் ஒரே ஒரு பெட்டியுடன் அந்நிய நாட்டில் வந்திறங்கிய நாளின் நினைவு மற்றையது. இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது உறவொன்று இன்று உருவாகி வருகின்றது. புலம்பெயர்ந்த மண்ணில் வளர்ந்த எமது பிள்ளைகளுள் சிலர், விமானங்களின் இலத்திரனியல் அமைப்புகளை வடிவமைக்கும் பொறியியலாளர் ஆகும் விருப்புடன் பல்கலைக்கழகங்களில் நுழைகின்றனர். "மகள் பிளேன் எஞ்சினியருக்குப் படிக்கிறாள்" என்று பெருமையுடன் கூறும் பெற்றோர் பலருக்கு அத்தொழில் உண்மையில் யாதென்பது தெரிவதில்லை. அதனைச் சற்று விளக்கமாக நோக்குவது பயனுடையதென எண்ணுகின்றோம்.

விமானத்தின் உடலையும் இறக்கையையும் இயந்திரத்தையும் வடிவமைப்போர் வேறு. ஏவியோனிக்ஸ் எனப்படும் விமான இலத்திரனியல் துறையினர் அமைப்பது அதன் மூளையையும் நரம்புகளையுமாகும். உயரம், வேகம், திசை ஆகியவற்றை அளக்கும் உணரிகள், அந்த அளவுகளைக் கணிக்கும் கணனிகள், விமானிக்கு அவற்றைக் காட்டும் திரைகள், தரையுடன் பேசும் வானொலிக் கருவிகள், தானாகவே விமானத்தைச் செலுத்தும் கருவி ஆகிய யாவும் இவர்களின் பொறுப்பு. முன்னாளில் விமானி கைப்பிடியை அசைத்தால் உருக்குக் கம்பிகளும் கப்பிகளும் இறக்கையின் மடல்களை அசைத்தன. 1988 இல் சேவைக்கு வந்த எயார்பஸ் ஏ-320, அந்த வேலையை முழுமையாக இலக்கமுறைக் கணனிகளிடம் ஒப்படைத்த முதலாவது பயணிகள் விமானமாகும். அதன் பின்னர் கணனியின் பிழை என்பது வெறும் கணக்குப் பிழை அன்று; உயிரைப் பறிக்கக்கூடிய பிழை ஆயிற்று.

பிழை நேரும் என்பதே தொடக்கம்

ஏனைய தொழில்களில் "இது பழுதடையாது" என்று உறுதி கூறுவோரே திறமைசாலிகளாக மதிக்கப்படுவர். இத்தொழிலோ "இது பழுதடையும், அப்போது என்ன நிகழும்?" என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகின்றது. விமானத்தையே வீழ்த்தக்கூடிய பழுதொன்று, நூறு கோடி பறப்பு மணித்தியாலங்களுக்கு ஒருமுறைக்கு மேல் நேரலாகாது என்பது பயணிகள் விமானங்களுக்குரிய அளவுகோல். ஒரே விமானம் இரவு பகலாகத் தரையிறங்காது பறந்தால், நூறு கோடி மணித்தியாலங்கள் நிறைவுற ஒரு இலட்சத்துப் பதினாலாயிரம் ஆண்டுகள் செல்லும். எந்த ஒரு கருவியும் தனித்து நின்று அத்துணை நம்பிக்கைக்கு உரியதாகாது. ஆகவே ஒன்றுக்குப் பதிலாகப் பலவற்றைப் பொருத்துகின்றனர்.

1995 இல் சேவைக்கு வந்த போயிங் 777 விமானத்தில் மூன்று முதன்மைப் பறப்புக் கணனிகள் உள்ளன. ஒவ்வொன்றினுள்ளும் மூன்று தனிப்பிரிவுகள் ஒரே கணக்கைச் செய்கின்றன. அம்மூன்று பிரிவுகளிலும் மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் செயலிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. காரணம் எளிது. ஒரே கணக்கை மூன்று மாணவர்களிடம் கொடுத்து விடைகளை ஒப்பிட்டால் பிழை வெளிப்படும். ஆனால் மூவரும் ஒரே கொப்பியைப் பார்த்து எழுதியிருந்தால், மூன்று விடைகளும் ஒன்றாகவே இருக்கும். மூன்றும் பிழையாகவும் இருக்கலாம்.

இயற்கையும் இக்கருவிகளைச் சும்மா விடுவதில்லை. கடுங்குளிர், வெப்பம், ஓயாத அதிர்வு, மின்னல் ஆகிய அனைத்தையும் அவை தாங்கவேண்டும். விண்வெளியிலிருந்து வரும் கதிர்களால் எழும் துகள்கள், உயரப் பறக்கும் விமானத்தின் நினைவகச் சில்லில் மோதி, பூச்சியத்தை ஒன்றாகவோ ஒன்றைப் பூச்சியமாகவோ மாற்றிவிடுதலும் உண்டு. அதனையும் எதிர்பார்த்தே வடிவமைக்க வேண்டும். எனவே புதியது யாவும் சிறந்தது என்ற எண்ணம் இத்துறையில் செல்லாது. பல ஆண்டுகள் பாவித்துக் குறைகள் யாவும் அறியப்பட்ட பழைய செயலியே இங்கு விரும்பப்படுவதுண்டு.

எழுத்தும் கையொப்பமும்

சிரேஷ்ட பொறியியலாளர் ஒருவர் நாள் முழுவதும் கருவிகளுடன் இருப்பார் என்று நினைப்பது தவறு. அவரது நேரத்தின் பெரும்பகுதி எழுதுவதிலும் பிறர் எழுதியதைப் பரிசீலிப்பதிலும் கழிகின்றது. அமைப்பு என்ன செய்யவேண்டும் என்பது முதலில் வாக்கியங்களாக எழுதப்படும். பின்னர் எழுதப்படும் மென்பொருளின் ஒவ்வொரு பகுதியும் அவ்வாக்கியங்களுள் எதை நிறைவேற்றுகின்றது என்று காட்டப்படவேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு பரிசோதனை இருக்கவேண்டும். 1992 இல் வெளிவந்த டி.ஓ. 178 பி என்ற விதித்தொகுப்பும், 2011 இல் அதன் இடத்தைப் பெற்ற டி.ஓ. 178 சி என்பதும் இவற்றை வரையறுக்கின்றன. பழுதின் விளைவுக்கு ஏற்ப மென்பொருள் ஏ முதல் ஈ வரை ஐந்து தரங்களாகப் பிரிக்கப்படுகின்றது. விமானத்தை வீழ்த்தக்கூடியது ஏ தரம். இத்தரத்தில், எழுதியவரே தமது வேலையைச் சரிபார்த்து முடித்துவிடுதல் போதாது. வேறொருவர் சரிபார்த்தே ஆகவேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடு ஏன் என்று கேட்போருக்கு, 1996 யூன் 4 ஆந் திகதி தென் அமெரிக்காவின் பிரெஞ்சுக் கயானாவில் நிகழ்ந்தது விடை கூறும். ஐரோப்பிய நாடுகளின் புதிய ஏவூர்தியான ஆரியான் 5, தனது முதற் பயணத்தில், ஏறிய சுமார் 40 வினாடிகளில் வானில் சிதறியது. நான்கு ஆய்வுச் செய்மதிகளும் அதனுடன் அழிந்தன. ஏவூர்தியின் நிலையைக் கணிக்கும் கருவியின் மென்பொருள், முந்திய ஆரியான் 4 இலிருந்து அப்படியே எடுக்கப்பட்டிருந்தது. புதிய ஏவூர்தியின் வேகம் அதிகம். ஆகவே ஓர் எண், தனக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் அடங்காத அளவுக்குப் பெருத்துவிட்டது, கருவி செயலிழந்தது. மாற்றுக் கருவி ஒன்றும் இருக்கத்தான் செய்தது. அதனுள்ளும் அதே மென்பொருள் இருந்தமையால், அதே காரணத்தால் அதுவும் செயலிழந்தது. ஒரே கொப்பியைப் பார்த்தெழுதிய மாணவர்களின் கதை இதுவே. சரியென்று காட்டப்படும் வரையில் மென்பொருளைப் பிழையுடையதாகவே கருதவேண்டும் என்ற கருத்தை விசாரணைக் குழு தனது அறிக்கையில் வலியுறுத்தியது.

ஆரியான் 5 இல் மனிதர் எவரும் இருக்கவில்லை. போயிங் 737 மக்ஸ் விமானங்களில் இருந்தனர். 2018 ஒக்ரோபர் 29 இல் இந்தோனேசியாவில் 189 பேரும், 2019 மார்ச் 10 இல் எதியோப்பியாவில் 157 பேரும் உயிரிழந்தனர். பின்னவர்களுள் 18 பேர் கனடியர். விமானம் காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை அளக்கும் உணரிகள் இரண்டு இருந்தும், விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழ்நோக்கித் தாழ்த்தும் மென்பொருள் ஒரு வேளையில் அவற்றுள் ஒன்றை மட்டுமே நம்பியது. அந்த ஒன்று பொய்யான அளவைக் காட்டியபோது, மென்பொருள் மீண்டும் மீண்டும் விமானத்தைத் தாழ்த்தியது. விமானிகளால் மீளமுடியவில்லை.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஓர் உணரி பழுதடைந்தால் இம்மென்பொருள் பாதிக்கப்படுமா என்ற கேள்வியை, 2015 இலேயே அந்நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் எழுத்தில் எழுப்பியிருந்தார் என்பது, 2019 ஒக்ரோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணையின்போது வெளிவந்தது. கேள்வி கேட்டவர் இருந்தார். கேள்வியும் சரியானதே. ஆனால் அக்கேள்வி வடிவமைப்பை மாற்றவில்லை. 346 உயிர்கள் போன பின்னரே, இரு உணரிகளையும் ஒப்பிடும்படி மென்பொருள் திருத்தப்பட்டது.

வீட்டில் தொடங்கும் பயிற்சி

ஆகவே இத்தொழிலுக்கு வேண்டியது கணிதத்தில் உயர்ந்த புள்ளிகள் மட்டுமன்று. "இது சரியல்ல" என்று மேலாளரிடம் கூறும் துணிவு வேண்டும். அதனை எழுத்தில் வைத்து, விடை கிடைக்கும் வரை விடாது நிற்கும் உறுதி வேண்டும். தன் வேலையைப் பிறர் குறைகாணும்போது மனம் சுருங்காத பக்குவமும் வேண்டும். பெரியோர் கூறினால் மறுபேச்சில்லை என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு இவை எளிதில் வருவதில்லை. பணிவு எமது பண்பாட்டின் சிறப்பு. அதனைக் கைவிடவேண்டும் என்று நாம் கூறவில்லை. மரியாதையான சொற்களால் மறுத்துரைக்கவும் முடியும் என்பதைப் பிள்ளை வீட்டிலேயே கற்றல் வேண்டும்.

அதற்கான வாய்ப்பு அகதிக் குடும்பங்களில் நிறையவே உண்டு. குடிவரவுத் திணைக்களத்திலிருந்து வரும் கடிதத்தை வாசித்துப் பொருள் கூறுவது பெரும்பாலும் பிள்ளைதான். "அப்பா, நீங்கள் நிரப்பிய பத்திரத்தில் பிறந்த திகதி பிழை" என்று பத்து வயதுப் பிள்ளை கூறும்போது, "உனக்கென்ன தெரியும்" என்று அடக்காது, மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்க்கும் தந்தை, தன்னை அறியாமலே ஒரு பொறியியலாளரைப் பயிற்றுவிக்கின்றார்.

இத்துறையில் நுழைய விரும்புவோர் வேறு இரு விடயங்களையும் முன்கூட்டியே சிந்தித்தல் நன்று. பயணிகள் விமானத்துக்கும் போர் விமானத்துக்கும் வேண்டிய இலத்திரனியல் அறிவு பெரும்பாலும் ஒன்றே. இரண்டையும் செய்யும் நிறுவனங்களும் பல. குண்டுவீச்சை அனுபவித்த குடும்பத்தில் பிறந்த ஒருவருக்கு, எந்தப் பக்கத்தில் பணியாற்றுவது என்பது வெறும் சம்பளக் கணக்கு ஆகாது. முடிவு பிள்ளையினுடையதே, ஆயினும் அதனைச் சாப்பாட்டு மேசையில் மனந்திறந்து பேசவேண்டியது பெற்றோரின் கடமை.

மற்றையது சட்டம் பற்றியது. விண்வெளி, பாதுகாப்புத் தொழில்நுட்பங்களைப் பிறநாட்டவரிடம் வெளிப்படுத்த அமெரிக்கச் சட்டம் கட்டுப்பாடுகளை விதிக்கின்றது. எனினும் குடியுரிமை பெற்றோரும் நிரந்தர வதிவிடம் பெற்றோரும் மாத்திரமன்றி, அங்கு அகதியாக ஏற்கப்பட்டோரும் புகலிடம் வழங்கப்பட்டோரும் அக்கட்டுப்பாட்டின்படி பிறநாட்டவராகக் கருதப்படுவதில்லை. விண்ணப்பம் நிலுவையில் உள்ளோருக்கு இது பொருந்தாது. அகதிகளை வேலைக்கு விண்ணப்பிக்கவிடாது தடுத்ததாகக் கூறி, 2023 ஓகஸ்டில் அமெரிக்க நீதித் திணைக்களம் ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. 2025 இல் திணைக்களமே வழக்கைக் கைவிட்டது. வழக்கு முடிந்தாலும், சட்டத்தின் வரைவிலக்கணம் அதனால் மாறிவிடவில்லை. "அகதிக்கு இங்கு இடமில்லை" என்று யாரோ கூறியதைக் கேட்டுத் திரும்பிவிடாது, தத்தம் நாட்டின் சட்டத்தைச் சட்டத்தரணியிடம் கேட்டறிதல் வேண்டும்.

கனடாவில் பொறியியற் பட்டம் பெறுவோர் பலர், எழுதும் கையின் சின்னவிரலில் உலோக மோதிரம் ஒன்றை அணிவர். 1925 இல் தொடங்கிய வழக்கம் இது. 1907 இல் கட்டுமானத்தின்போதே இடிந்து 75 தொழிலாளரைப் பலிகொண்ட கியூபெக் பாலத்தின் இரும்பால் முதல் மோதிரங்கள் செய்யப்பட்டன என்பது கட்டுக்கதையே. ஆயினும் வரைபடத்தில் கை நகரும்போதெல்லாம் அம்மோதிரம் தாளில் உரசி, தன் கணக்கின் மறுமுனையில் மனித உயிர்கள் உள்ளன என்பதை நினைவூட்டவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இத்துறையை நாடும் பிள்ளைக்குக் கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் ரியூசன் ஒழுங்குசெய்யும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வாழும் நாட்டின் மொழியில் தெளிவாக, சந்தேகத்துக்கு இடமின்றி எழுதும் பயிற்சியையும் அவற்றுடன் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தொழிலில் ஒரு சந்தேகம் எழுத்தில் பதியப்படும்போதுதான் அதற்கு எவரேனும் விடை கூறவேண்டியவராகின்றார்.