எழும்பாத கணிப்பொறி

உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி, அண்ணனும் தங்கையுமாகப் பூட்டி முடித்த கணிப்பொறி, பொத்தானை அழுத்தியும் எழும்பவில்லை. "மதர்போர்டு போய்விட்டது" என்று யாராவது சொல்வார்கள். தோழியரே, உடனே நம்பிவிடாதீர்கள். அப்பாவின் சம்பளத்தில் இன்னொன்று வாங்கக் கூடலூருக்குப் பேருந்து ஏறுமுன், அது எந்தப் படியில் நின்றது என்று பாருங்கள்.

கணிப்பொறி எழும்போது தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். கணிப்பொறி, எல்லாம் சரியென்றால் ஒருமுறை 'பீப்' என்று ஒலித்தது. இன்று பல பலகைகளில் சிறு விளக்குகளே குறையைக் காட்டுகின்றன.

காற்றாடியே சுற்றவில்லையா? பின்பக்கச் சுவிட்ச், 24 முனை மின் இணைப்பு, பொத்தானிலிருந்து வரும் மெல்லிய கம்பி ஆகியவற்றைப் பாருங்கள். சுற்றியும் திரை இருண்டிருக்கிறதா? பிராசசருக்கென்று தனியே 8 முனை இணைப்பு உண்டு. பலரும் மறப்பது இதைத்தான். அடுத்தது மெமரி. 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்தவேண்டும். பயந்து பாதியில் விடுவோம். கிராபிக்ஸ் அட்டை இருந்தால் திரையின் கம்பி அதில்தான் சேரவேண்டும். டி.டி.ஆர்.5 மெமரியோ, முதல்முறை பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள்கூட எடுக்கும், அதற்குள் அணைத்துவிடாதீர்கள்.

எதைத் தொடுமுன்னும் மின்கம்பியைப் பிடுங்குங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதனுள் மின்சாரம் தங்கியிருக்கும்.

நம் தேவர்சோலை மழைக்காலத்துக்கு இன்னொன்று: குளிரில் வந்த பலகையைக் கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்தால் அது வியர்க்கும். சில மணி நேரம் பொறுத்தே மின்சாரம் கொடுங்கள்.