உங்களுக்குத் தெரியுமா? களியக்காவிளையிலிருந்து துருவத்துக்கு மூட்டை கட்டினால்…

● தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கிவிடும். மார்கழியில் குப்பியை வெயிலில் வைக்காத வீடு நம் பக்கத்தில் இல்லை. அன்டார்க்டிகாவிலோ, ரஷ்யர்களின் வஸ்தோக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று பதிவான குளிர் மைனஸ் 89.2 டிகிரி. அந்தக் கண்டத்தில் சாதாரண டீசலும் நம் தேங்காய் எண்ணெய்போல மெழுகாகித் திரண்டு குழாயை அடைத்துவிடும். இந்தியாவின் பாரதி நிலையத்தில் ஜெனரேட்டர் ஓடுவது விமான எரிபொருளில். அது மைனஸ் 47 வரை தாங்கும்.

● துருவத்தில் ஆளைச் சாய்ப்பதில் வியர்வைக்கும் பங்கு உண்டு. பருத்திச் சட்டை நமக்கு உயிர். அங்கே அதுவே ஆபத்து. வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் கிடக்கும், வேலையை நிறுத்திய மறுநிமிடம் உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஆகவே தோலை ஒட்டிக் கம்பளி அல்லது பாலியெஸ்டர், அதன்மேல் சூட்டைப் பிடித்துவைக்கும் தடித்த உடுப்பு, வெளியே காற்றுப் புகாத அங்கி. மண்வெட்டியைக் கையில் எடுக்கும் முன்பே ஓர் அடுக்கைக் கழற்றிவிட வேண்டும். கொஞ்சம் குளிரோடு வேலையைத் தொடங்குகிறவர்தான் அனுபவசாலி.

● கையுறையிலும் அடுக்கு உண்டு. விரல்கள் சேர்ந்திருக்கும் பெரிய உறை சூடு தரும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு ஸ்குரூ முடுக்க முடியாது. அதற்காக உள்ளே மெல்லிய உறை ஒன்று. வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

● நம் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பால்வெட்டி எடுக்கும் ரப்பருக்குக் குளிர்நாட்டில் பெரிய மதிப்பு. இயற்கை ரப்பர் கண்ணாடிபோல் நொறுங்கும் நிலைக்குப் போக ஏறக்குறைய மைனஸ் 70 டிகிரி வேண்டும். சாதாரண பிவிசி ஒயர் அதற்கு வெகு முன்பே விறைத்து வெடித்துவிடும். அமெரிக்க ராணுவம் கடுங்குளிருக்கென்று செய்த வெள்ளை ‘பன்னி பூட்’டில் இரண்டு ரப்பர் அடுக்குகளுக்கு நடுவே கம்பளியை அடைத்திருப்பார்கள். அந்தக் கம்பளிக்கு வெளி ஈரமும் எட்டாது, கால் வியர்வையும் எட்டாது. ஈரமாவது சாக்ஸ் மட்டுமே, மாற்றிக்கொண்டால் போதும்.

● எரிபொருள் டின்னின் மூடியும் உயிர்ப் பிரச்சினைதான். 1911 டிசம்பர் 14-ல் தென்துருவத்தை முதலில் அடைந்த அமுண்ட்சென், மண்ணெண்ணெய் டின்களை நன்றாகப் பற்றவைத்து அடைத்திருந்தார். 1912 ஜனவரி 17-ல் அங்கே போய்ச் சேர்ந்த ஸ்காட்டின் டின்களில் தோல் வாஷர். குளிரில் அது சுருங்கி, திரும்பும் வழியில் எடுக்கலாம் என்று வைத்துப்போன எண்ணெய் குறைந்துபோனது. பனியை உருக்கினால்தான் அங்கே குடிதண்ணீரே. ஸ்காட்டும் உடன்போன நால்வரும் ஊர் திரும்பவில்லை. அதற்குக் காரணங்கள் பல, எண்ணெய்க் குறைவு அவற்றில் ஒன்று.

● பறவைக் காய்ச்சல் பரவினால் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் கோழி வண்டிகளை நிறுத்திப் பார்ப்பார்கள். அன்டார்க்டிகாவுக்கும் அப்படிக் கட்டுப்பாடு உண்டு. 1991-ல் மாட்ரிட்டில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி உயிருள்ள கோழிக்கு அங்கே அனுமதியில்லை. உணவுக்காகச் சுத்தம் செய்த கோழியையும் நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பொதிய வேண்டும். பெட்டிக்குள் இட்டு நிரப்பும் தெர்மகோல் மணிகளுக்கும் தடை. பூட்ஸ் அடியில் ஒட்டிய மண், ஒட்டுப்பட்டையில் சிக்கிய புல்விதை வரை புறப்படும் முன் சுத்தம் செய்தாக வேண்டும். சுமை இழுக்கும் நாய்கள்கூட 1994-க்குப் பிறகு அங்கே இல்லை. அங்கே போகிறவர்களுக்கு நம் நாட்டிலேயே சட்டம் இருக்கிறது: இந்திய அன்டார்க்டிகா சட்டம், 2022.

● பாரதி நிலையம் 134 கப்பல் கன்டெய்னர்களால் ஆனது. 2012 முதல் இயங்குகிறது.

● வடதுருவப் பக்கம் ஸ்வால்பார்டில் இருக்கும் நம் ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையத்தில் தங்குகிறவர்கள் குடியிருப்பைத் தாண்டிப் போனால் பனிக்கரடிக்குப் பாதுகாப்பாகத் துப்பாக்கி வேண்டும். தெற்கே கரடி கிடையாது. ஹிமாத்ரிக்கு அருகே கடலுக்குள் 192 மீட்டர் ஆழத்தில் 2014-ல் இறக்கிய ‘இண்ட்ஆர்க்’ கருவித் தொகுதியை உருவாக்கியதில் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

● அன்டார்க்டிகா பயணத்துக்கு முன் டெல்லி எய்ம்ஸில் உடல், மனப் பரிசோதனைகள். உத்தரகண்டின் அவுலியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையிடம் பனிப் பயிற்சி. இவ்வளவு கண்டிப்பு ஏன்? அங்கே இருக்கும் நம் ‘மைத்ரி’ நிலையத்துக்குப் பக்கத்திலேயே, சுமார் 5 கிலோமீட்டரில், ரஷ்யர்களின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையம். 1961 ஏப்ரல் கடைசியில் அங்கிருந்த ஒரே மருத்துவர் லியோனித் ரோகசோவுக்குக் குடல்வால் அழற்சி. 27 வயது. குளிர்காலம், வெளியேற வழியில்லை. கண்ணாடி பிடிக்க ஆள் வைத்துக்கொண்டு தன் வயிற்றைத் தானே அறுத்துக் குடல்வாலை அகற்றினார், பிழைத்தும் கொண்டார்.

● துருவம் என்றால் விஞ்ஞானிகளுக்கு மட்டும் என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. கோவாவில் இருக்கும் தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் மைத்ரிக்கும் பாரதிக்கும் வண்டி மெக்கானிக், வெல்டர், எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஆண் செவிலியர், சமையல்காரர் என்று ஒப்பந்த முறையில் ஆள் எடுக்கிறது. குளிர்காலம் முழுக்கத் தங்குகிறவர் ஊர் திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆகும். வளைகுடாவுக்குப் பெட்டி கட்டும் ஐ.டி.ஐ. படித்த நம் இளைஞர்கள் அந்த மையத்தின் வேலைவாய்ப்பு அறிவிப்பையும் பார்த்துவைக்கலாம். குளிருடுப்பை மையமே தந்துவிடும்.