வலியோடு நடப்பவர்கள் – 12: விடியற்காலை இடுப்பு

சயாட்டிக் நரம்பு இடுப்பில் எங்கே கிளம்பி எந்த வழியாகக் குதிகாலுக்கு இறங்குகிறது என்பதைப் போன வாரம் பார்த்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். அந்த நரம்பு வழியே இறங்கும் வலிக்கு, அதாவது சயாட்டிகாவுக்கு, அறுவைச் சிகிச்சை தேவையா, இல்லையா என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகப் படிக்க உட்கார்ந்த இடத்தில் வேறொரு செய்தி கையில் சிக்கியது. அதன் பிறகு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரவில் படுக்கப் போகும்போது இருந்த உயரத்தைவிட, காலையில் எழும்போது நாம் எல்லோரும் உயரமாக இருக்கிறோம். 1985-ல் டிரெல், ரெய்லி, ட்ரூப் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைத் துல்லியமாக அளந்தார்கள். ஒரு நாளில் ஏறி இறங்கும் உயரம் சராசரியாக 19 மில்லிமீட்டர். ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர்! என்னைத் தூக்கிவாரிப் போட்டது அடுத்த கணக்குதான். பகல் முழுவதும் குறைகிற உயரத்தில் 54 சதவீதம், படுக்கையை விட்டு எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே குறைந்துவிடுகிறது.

காரணம் டிஸ்க். முதுகெலும்பின் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கின் மையத்தில் கொழகொழப்பான ஒரு பொருள் இருக்கிறது. அதற்குத் தண்ணீரை இழுக்கும் குணம் உண்டு. பகலில் நிற்கிறோம், நடக்கிறோம், சுமக்கிறோம். அந்தப் பாரத்தில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. படுத்ததும் பாரம் குறைகிறது, வெளியே போன தண்ணீர் திரும்பி வருகிறது. இரவு ஊறப்போட்ட கொண்டைக்கடலை காலையில் தோல் விம்மி நிற்குமே, எழுந்திருக்கும் நேரத்தில் டிஸ்க்கின் நிலையும் அதுதான்.

பாரமே இல்லாத இடத்தில் என்ன ஆகும்? விண்வெளிக்குப் போகிறவர்கள் சில நாளில் 5 சென்டிமீட்டர் வரைகூட உயர்ந்துவிடுகிறார்கள். அவர்களில் பலருக்கு அங்கே போன புதிதில் இடுப்பு வலி வருகிறது. 1984 ஏப்ரலில் சல்யூட் 7 நிலையத்தில் தங்கியிருந்த நம் ராகேஷ் சர்மா அங்கே யோகாசனம் செய்து பார்த்தார் என்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். எடையற்ற நிலையை உடம்பு தாங்க யோகா உதவுமா என்று பார்க்கத்தான் அந்தச் சோதனை. அது தனிக்கதை, இன்னொரு வாரம் வைத்துக்கொள்வோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விம்மி நிற்கும் டிஸ்க்கை வளைத்தால் என்ன நடக்கும்? ஆடம்ஸ், டோலன், ஹட்டன் ஆகியோர் 1987-ல் இதற்குப் பதில் தேடினார்கள். இறந்தவர்களின் முதுகெலும்புப் பகுதிகளில் சோதித்து, உயிருள்ளவர்கள் குனியும் அளவோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டார்கள். மாலையில் குனிவதைவிடக் காலையில் குனியும்போது டிஸ்க் தாங்க வேண்டிய வளைவு அழுத்தம் 300 சதவீதம் கூடுதல், தசைநார்களில் 80 சதவீதம் கூடுதல் என்று வந்தது. குனியும்போது இழுபடுவது டிஸ்க்கின் பின்சுவர். சயாட்டிகாக்காரர்கள் பலருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பின் வேரைத் தொடுவது அந்தப் பின்பக்கத்தில்தான்.

இதைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது ஸ்ரீவில்லிபுத்தூரின் மார்கழி. ஆண்டாள் பிறந்த ஊர். மார்கழி அந்த ஊருக்குச் சொந்த மாதம். இருட்டு விலகும் முன்னே வாசல் தெளித்து, தெருவை அடைத்துக் கோலம் விழும். மாட வீதியை ஒட்டிய ஒரு தெருவில், வலது காலில் சயாட்டிகா உள்ள ஒரு அக்கா கோலம் போடுவதைப் பார்த்தேன். வலது கையில் கோலப்பொடி, இடது முழங்கை இடது தொடையில் ஊன்றியிருக்கிறது. முழங்கால்கள் மடங்கவே இல்லை. இடுப்பு மட்டும் வில்லாக வளைந்திருக்கிறது. ஒரு வரிசைப் புள்ளி முடிந்ததும் நிமிரப் பார்க்கிறார், முடியவில்லை. தொடையில் கை ஊன்றிப் பாதி நிமிர்கிறார். ஒரு மூச்சு விட்டு மீதியையும் நிமிர்கிறார். வலது குதிகால் தரையில் முழுசாகப் பதியவில்லை. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்திருப்பதால் அதைத் தூக்கியே வைத்திருக்கிறார்.

“வலி எப்பக்கா ஜாஸ்தி இருக்கு?”

“காலையில எந்திரிச்சதும்தான் தம்பி. பத்து மணிக்கு மேல அவ்வளவாத் தெரியாது. வேலை பார்க்கப் பார்க்க சரியாப் போயிரும்.”

“அப்ப கோலத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமேக்கா?”

“நல்லா இருக்கே! விடிஞ்ச பெறகு வாசத் தெளிச்சா தெருவுல என்ன சொல்லுவாக?”

ஆராய்ச்சியாளர்கள் கருவி வைத்துக் கண்டதை அந்த அக்கா தன் இடுப்பை வைத்தே சொல்லிவிட்டார். ஆனால் ஊர் வாய்க்குப் பயந்து அதன்படி நடக்க முடியவில்லை. நம் வீடுகளில் நாள் முழுவதும் குனிகிற வேலையில் பெரும்பகுதி எழுந்த முதல் மணி நேரத்திலேயே விழுகிறது. பாயைச் சுருட்டுவது, வீடு கூட்டுவது, வாசல் தெளிப்பது, கோலம் போடுவது, குடத்தில் தண்ணீர் பிடித்துத் தூக்குவது என எல்லாமே அந்த நேரத்தில்தான். டிஸ்க் மிக விம்மியிருக்கும் நேரமும் அதுவே. இதில் பெண்கள் படும் பாட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

மார்கழி என்றதும் எண்ணெய்க்காப்பைச் சொல்லாமல் போக முடியாது. அந்த மாதத்தில் ஆண்டாளுக்கு எண்ணெய்க்காப்பு உற்சவம் நடக்கும். மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய தைலம் சாத்தி, பிறகு அதைப் பக்தர்களுக்குப் பிரசாதமாகத் தருவார்கள். நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கையில் அதைச் சிறு புட்டியில் பத்திரப்படுத்தி, மூட்டிலும் இடுப்பிலும் தொட்டு வைப்பவர்கள் உண்டு. எண்ணெய் தேய்த்து நீவினால் இறுகிய தசை இளகும், வலி கொஞ்ச நேரம் அடங்கும். அந்த ஆறுதலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நீவிவிட்டு உடனே குனிந்து குடத்தைத் தூக்காதீர்கள் என்பது மட்டும்தான் என் வேண்டுகோள்.

ராஜபாளையத்தில் கதை வேறு. 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து அது நூல் ஊர். மில்லில் முழு நைட் பார்ப்பவர் காலையில் வீட்டுக்கு வந்து படுத்து, பிற்பகல் மூன்று மணிக்கு எழுந்திருக்கிறார். அவருடைய டிஸ்க்குக்குக் கடிகாரம் தெரியாது. படுத்திருந்த நேரம்தான் கணக்கு. அவருக்கு மூன்று மணிதான் விடியற்காலை. எழுந்த கையோடு பைக்கைக் குனிந்து துடைப்பதும், தண்ணீர்க் குடம் தூக்குவதும் அவரைப் பொறுத்தவரை மார்கழிக் கோலம் மாதிரியேதான்.

பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர் போனது. ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளில் புண்ணைக் கட்டும் துணியை நெய்து அனுப்புகிறவர்கள் அங்கே விசைத்தறிக்கு முன்னால் நிற்கிறார்கள். பாவு நூல் சுற்றிய பீமைத் தறியில் தூக்கி ஏற்றும் இடத்தில்தான் இடுப்பு போகிறது. ஜெர்மனியின் உல்ம் நகரத்தில் வில்கே குழுவினர் 1999-ல் வெளியிட்ட அளவு ஒன்று அவர்களுக்குப் பயன்படும். 45 வயது தன்னார்வலர் ஒருவரின் டிஸ்க்குக்குள்ளேயே அழுத்தம் அளக்கும் மெல்லிய கருவியைச் செருகி, ஒரு நாள் முழுக்க அவரை நடக்க, உட்கார, தூங்க, தும்ம விட்டு அளந்தார்கள். சாதாரணமாக நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். முன்னால் குனிந்து நின்றால் 1.1. முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கினால் 2.3. அதே 20 கிலோவை உடம்போடு அணைத்துப் பிடித்திருந்தால் 1.1. சுமை மாறவில்லை, பிடித்த விதம் மாறியதும் அழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த மனிதர் தூங்கிய ஏழு மணி நேரத்தில் அழுத்தம் 0.1-லிருந்து 0.24-க்கு ஏறியதும் பதிவாகியிருக்கிறது. ஊறுகிற டிஸ்க்கை உயிருள்ள உடம்பிலேயே பார்த்துவிட்டார்கள்!

சரி, காலையில் குனியாமல் இருந்தால் வலி குறையுமா? ஸ்டோவர் ஸ்னூக் என்ற அமெரிக்க ஆய்வாளர் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களை வைத்து இதைச் சோதித்து 1998-ல் எழுதினார். ஒரு பிரிவினர் காலையில் குனிவதைத் தவிர்த்தார்கள். இன்னொரு பிரிவினருக்குப் பலனில்லை என்று தெரிந்த சில பயிற்சிகள் தரப்பட்டன. குனியாதவர்களுக்கு வலியோடு கழிந்த நாட்கள் குறைந்தன. பிறகு அதே அறிவுரையை மற்றவர்களுக்கும் சொன்னபோது அவர்களுக்கும் குறைந்தது. மாத்திரை இல்லை, ஊசி இல்லை, காசு செலவில்லை.

ஆகவே, எழுந்ததும் முதலில் நடங்கள். பால் வாங்கி வாருங்கள், மொட்டை மாடியில் உலாத்துங்கள். முதல் ஒரு மணி நேரம் போகட்டும், கூட்டுவதும் கோலமும் அதற்குப் பிறகு. நீளக் கம்பு வைத்த துடைப்பம் வாங்குங்கள். தண்ணீரை அரைக் குடமாகப் பிடியுங்கள். கோலம் போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, முதுகை நேராக வைத்துப் போடுங்கள். வீட்டில் இருக்கும் ஆண்கள் மார்கழியில் வாளியைத் தூக்கினால் ஒன்றும் குறைந்துவிடாது.

குனியாதே என்றால் படுத்தே கிட என்று அர்த்தமில்லை. ஹெல்சின்கி நகராட்சி ஊழியர்களிடம் நடந்து 1995-ல் வெளியான ஆய்வில், திடீர் இடுப்பு வலியோடு வந்தவர்களில் இரண்டு நாள் படுக்கையில் கிடந்தவர்களைவிட, முடிந்தவரை அன்றாட வேலையைப் பார்த்தவர்கள்தான் சீக்கிரம் தேறினார்கள். ஒன்றை மட்டும் எந்த வாரமும் விடாமல் சொல்வேன். மலசலம் கழிக்கும் இடத்தைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் இறங்காமல் நின்றாலோ, இரண்டு காலும் வலுவிழந்தாலோ, தைலத்தை எடுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

நடக்கவே முடியாமல் வீட்டில் கிடப்பவர்கள், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அறுவைச் சிகிச்சை அடுத்த வாரம் கட்டாயம் வரும். அதற்குள் முழு நைட் பார்க்கிற மில் தோழர்களும், சத்திரப்பட்டித் தறிக்காரர்களும், விடியும் முன்னே வாசல் தெளிக்கிற அக்கா, மதினிமார்களும் ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்: எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எத்தனை மணிக்கு வலி கூடுகிறது, எப்போது குறைகிறது.