பேய்க்கதையும் இளைஞரும்

பேய்க்கதை படித்தால் இளைஞர் உள்ளம் கெடும் என்று அஞ்சுவோர் உளர். எல்லாப் பேய்க்கதைகளும் ஒரே தன்மையன அல்ல.

நீல் கெய்மன் என்னும் ஆங்கில எழுத்தாளர் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி கிரேவ்யார்டு புக்’ என்ற நாவலைக் காண்போம். குடும்பத்தாரை இழந்த குழந்தையொன்றை இடுகாட்டு ஆவிகள் அன்போடு வளர்க்கின்றன. குடும்பத்தைக் கொன்றவனோ உயிருள்ள மனிதன்! குழந்தை இளைஞனானதும் அவ்வாவிகள் அவன் கண்ணுக்கு மறையத் தொடங்குகின்றன. அவன் உயிருள்ளோர் உலகை நோக்கித் தனியே நடக்கிறான். வளர்த்தவர் அரவணைப்பை விட்டு வாழ்க்கைக்குள் புகும் துணிவே இக்கதையின் பொருள்.

மாணவர்களே! எந்தப் பேய்க்கதையைப் படித்தாலும், அதிலிருந்து பேயை நீக்கிப் பாருங்கள். வாழ்க்கைக்குரிய வினா ஒன்று எஞ்சினால் அது நல்ல நூல். ஒன்றும் எஞ்சாவிடின் வேறு நூலைத் தேடுங்கள்.