அப்பா வாங்கிய அம்பாசடரும் மூன்று எஞ்சின்களும்

நமது சங்கத்து அன்பர்கள் பலரது வீட்டு வாசலிலோ குடோன் ஓரத்திலோ பழைய அம்பாசடர் ஒன்று தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. விற்க மனமில்லை, ஓட்ட வழியில்லை என்றிருப்பவர்களுக்கு என் அனுபவம் பயன்படலாம் என்று இதை எழுதுகிறேன்.

என் தகப்பனார் 1972-இல் வாங்கிய மார்க் 2 வண்டி அது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி, மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், ஸ்டியரிங் ஓரத்தில் கியர். பாபநாசத்திலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் கொள்முதலுக்கு அதுதான் போகும். பின் சீட்டைக் கழற்றிவிட்டு மிளகாய் மூட்டை ஏற்றிய நாட்களும் உண்டு. அந்த நெடி ஒரு வாரம் போகாது.

லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர்தான் கொடுத்தது. 1980 வாக்கில் கம்பெனியே டீசல் அம்பாசடரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்நாளில் டீசல் விலை பெட்ரோலைவிட வெகு குறைவு. டாக்சிக்காரர்கள் முதலில் மாற்றினார்கள், வியாபாரிகள் பின்தொடர்ந்தோம். 1985-இல் அப்பாவும் மாற்றினார். புது டீசல் எஞ்சினும் அதே 1489 சி.சி., பெட்ரோல் எஞ்சினின் வம்சத்திலேயே வந்தது என்பதால் அதிக வெட்டு ஒட்டு இல்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, புது எஞ்சின் எண்ணை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றிக்கொண்டுதான் வண்டியை வெளியே எடுத்தார். கணக்கில் கறாரான மனிதர். பழைய பெட்ரோல் எஞ்சினை மட்டும் எடைக்குப் போட்டுவிட்டார்.

அந்த டீசல் எஞ்சின் உழைப்பாளிதான், ஆனால் இழுவை போதாது. 1990-களில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஜப்பானின் இசுசூ எஞ்சின்களை அம்பாசடரில் பொருத்தத் தொடங்கியது. முதலில் 1800 சி.சி. பெட்ரோல், பின்னர் 2 லிட்டர் டீசல். உடைக்கப்போன டாக்சி ஒன்றின் இசுசூ டீசல் எஞ்சின், ஐந்து கியர் பெட்டியோடு 2003-இல் எனக்குக் கிடைத்தது.

"முதலாளி, எஞ்சினை இறக்கி ஏத்துறது ரெண்டு நாள் வேலை. அதுக்கு வண்டியைப் பழக்குறதுதான் ஒரு மாச வேலை" என்றார் கும்பகோணத்து மெக்கானிக் பாய். அப்படியேதான் ஆயிற்று. மவுண்டிங் புதிதாக வெல்டு செய்ய வேண்டும். கியர் பெட்டியின் நீளம் மாறுவதால் புரொப்பல்லர் ஷாஃப்டை லேத்தில் வெட்டி, சமன் பார்த்துப் பொருத்த வேண்டும், இல்லாவிட்டால் அறுபதில் வண்டி உதறும். எடை கூடுவதால் முன்பக்கம் தாழும், டார்ஷன் பாரைச் சரி செய்ய வேண்டும். ரேடியேட்டர், பேட்டரி இரண்டும் பெரிதாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் பிரேக். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டியில் வேகத்தை மட்டும் கூட்டுவது ஆபத்து. எஞ்சின் மாற்றுகிறவர்கள் பலரும் இதைத்தான் கடைசியில் நினைக்கிறார்கள்.

இவ்வளவும் செய்த நான், அப்பா செய்த ஒன்றைச் செய்யவில்லை. எஞ்சின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்றாமல் "பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிட்டேன். 2009-இல் தஞ்சாவூர் சாலையில் ஒரு லாரி பின்வாங்கி முன்பக்கத்தை நசுக்கியது. தவறு லாரிமேல். ஆனால் இன்சூரன்ஸ் சர்வேயர் பானெட்டைத் திறந்து எண்ணை ஒப்பிட்டார், உதட்டைப் பிதுக்கினார். நஷ்ட ஈட்டுக் கோரிக்கை தள்ளுபடி ஆயிற்று. குற்றம் என்னுடையது, யாரையும் நோவதற்கில்லை. வண்டி பதின்மூன்று ஆண்டுகள் குடோனில் கிடந்தது.

இதற்கிடையில் சட்டமும் இறுகியது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கேரளத்திலிருந்து வந்த வழக்கில், இதையே உறுதி செய்தது. அதே வகை எஞ்சினை ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்ற வழியுண்டு. வேறு எஞ்சினை ஏற்றிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்க வழியில்லை. 2021-இல் ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 'வின்டேஜ்' பதிவு வந்தது. கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்கும் ஓட்டக்கூடாது. கடைக்கும் கோயிலுக்கும் போக முடியாத கார் எனக்கெதற்கு? சாதாரணப் பதிவையே புதுப்பிப்பது என்று முடிவு செய்தேன். அந்தக் கட்டணமும் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாயாகி, அதன்பின் இன்னும் கூடியிருக்கிறது.

ஆக, அப்பா எடைக்குப் போட்ட அதே வகை 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினைத் தேடி அலைந்தேன். சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் சுற்றிக் கிடைத்தது. ரீபோர் செய்தோம். 2000-க்குப் பிறகு ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை என்பதால், பழைய ஹெட்டில் வால்வு உட்காருமிடம் சீக்கிரம் தேயும். கடினமான வால்வு சீட் வைத்துக்கொண்டேன். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், அது பழைய ரப்பரை அரிக்கும். டியூப்களையும் பம்பு டயாப்ரத்தையும் மாற்றினோம். வண்டியை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டி, அனுமதி பெற்று, எண்ணை ஏற்றிய பிறகே இன்சூரன்ஸ் கட்டினேன்.

இசுசூ எஞ்சினைப் பாய்க்கே கொடுத்துவிட்டேன். போன தை வெள்ளிக்குத் திருக்கருகாவூர் அம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு இந்தக் காரில்தான் போய்வந்தோம். லிட்டருக்கு அதே ஒன்பது கிலோமீட்டர்.