தோட்டத்துச் சங்கங்களும் குடிமை வாழ்வும்

இத்தாலிய வட்டாரங்களை ஆய்ந்த அரசியல் அறிஞர் இராபர்ட் பட்னம், பாடற்குழு, விளையாட்டுக் கழகம் முதலிய தன்னார்வ அமைப்புகள் நல்லாட்சிக்கு அடித்தளமாவதை 1993ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். எனினும் சமநிலையினர் கூடும் அமைப்பே அங்ஙனம் பயன்தரும். மேலோர்க்குக் கீழோர் அடங்கிய அமைப்பு தராது என்பது அவர்தம் துணிபு.

நெகிரி செம்பிலான் தோட்டங்களை நோக்குங்கால் இவ்வேறுபாடே முதன்மையாக நமக்குப் படுகிறது. கங்காணியும் கிராணியும் முன்னின்ற கோயிற்குழுக்களில் தொழிலாளர் பெரும்பாலும் நன்கொடை தந்தனர், முடிவெடுத்தாரல்லர். 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அவர்க்கு வாக்குரிமை அளித்தது. அதன் பொதுச்செயலாளர் பி.பி. நாராயணன் தொழிற்சங்கப் பணி தொடங்கியது இம்மாநிலத்திலேயாம்.

1990களுக்குப் பின் நீலாய், லாபு வட்டாரத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின, தொழிலாளர் சிதறினர். எஞ்சியது தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமே. அதில் தலைமையாசிரியர் விதிப்படி ஆலோசகர் மட்டுமே. நடைமுறையிலும் அவ்வாறுதானா என்பதை ஆசிரியர்களாகிய நாமே ஆய்ந்து சொல்லுதல் வேண்டும்.